குழியருகே குனிந்தவள்

2009 ஏப்ரல். லண்டனில் ஓர் அருங்காட்சியகத்தில் காவலாளாக நின்றேன். என் பொறுப்பிலிருந்த அறையில் பழைய ஐரோப்பிய அச்சுப் படங்கள்: செப்புத் தகட்டில் ஊசியால் கீறி, மை தேய்த்து, ஈரத்தாளில் அழுத்தி எடுத்த கிராமங்கள். உள்ளங்கை அகலத்தில் ஓர் ஊர். சரிந்த கூரை, சேற்றுப் பாதை, பன்றி, சுவரோரம் மூத்திரம் பெய்கிறவன்கூட உண்டு. எல்லாம் உயரத்திலிருந்து பார்த்தபடி.

அக்கா வன்னியில், போருக்கு நடுவே ஒரு பதுங்குகுழியில். கடைசியாகப் போன் எடுத்தபோது, "பங்கருக்குள்ள தண்ணியடா, பிள்ளையள் நிண்டபடி நித்திரை" என்றாள். இணைப்பு அறுந்தது. பிறகு ஒன்றுமில்லை. வேலையில் போன் வைத்திருக்கக் கூடாது. நான் காலுறைக்குள் செருகியிருந்தேன். கணுக்கால் அதிராதா, அதிராதா என்று நாள் முழுக்க நின்றேன்.

பக்கத்து அறைக் காவலாளும் நம்மவன், லண்டனின் டூட்டிங் பகுதியிலிருந்து வருகிறவன். ஒல்லாந்தில் அகதியாக இருந்துவிட்டு இங்கே மாறியவன். ஓர் ஒல்லாந்துக் கிராமப் படத்தைப் பார்த்துச் சிரித்தான்.

"அண்ணை, உந்த நாடு தட்டை. ஏறி நிக்க ஒரு மேடு இல்லை. உவர் எங்கை நிண்டு கீறினவர்?"

"ஆருக்குத் தெரியும்."

"வண்டு விட்டுப் பாத்திருப்பார்."

சொன்னவுடன் நாக்கைக் கடித்தான். ஆளில்லா வேவு விமானத்துக்கு வன்னிச் சனம் வைத்த பேர் வண்டு. அது சுற்றிப் போனால் பின்னால் ஷெல் வரும். அதற்குப் பிறகு அந்தக் கிராமங்களை என்னால் வேறுவிதமாகப் பார்க்க ஏலவில்லை. எந்தக் கூரை முதலில் எரியும்? பாதையில் நிற்கிறவன் எங்கே ஓடுவான்? ஒளிய மரங்களும் போதாது.

ஒரு வெள்ளைக்காரக் கிழவி அந்த ஒல்லாந்துப் படத்தின் மூலையைக் காட்டினார். ஒரு குழி, அருகே குனிந்த பெண். "இவள் என்ன செய்கிறாள்?"

"பங்கர் வெட்டுகிறாள்" என்றேன், தயங்காமல்.

அவர் கண்ணாடியைச் சரிசெய்து என்னைப் பார்த்தார். "கிழங்கு கிண்டுகிறாள் என்று நினைத்தேன்" என்று மெல்லச் சொல்லி நகர்ந்தார்.

அப்போது கணுக்கால் அதிர்ந்தது. சப்பாத்தைக் கழற்றிப் போனை இழுத்தெடுப்பதற்குள் நின்றுவிட்டது.

பக்கத்து அறைக்காரன் ஓடிவந்தான். "ஆர் அண்ணை?"

"நம்பர் விழேல்லை."

"அக்காதான். திருப்பி எடுப்பா."

"அவவுக்கு ஏலுமெண்டா..."

ஒற்றைச் சப்பாத்தோடு நின்றேன். எதிரே படத்தில் புகை அசையவில்லை, நாய் அசையவில்லை. குழியருகே அவள் மட்டும்.

"நிமிராதை அக்கா" என்றேன். "குனிஞ்சபடியே இரு."