ஐந்து மணிக்கு மேல் போகாத மெயில்

அந்தக் குழாய் கம்பெனியின் கிளை ஆபீஸில், கம்ப்யூட்டரைப் பற்றி மேனேஜருக்குத் தெரிந்ததெல்லாம் ஊழியர்கள் சொல்லிக்கொடுத்தது. ஊழியர்கள் சொல்லிக்கொடுத்ததெல்லாம் பொய். ஆளுக்கொரு பொய், அவரவர் வசதிக்கு.

வைரஸ் விவகாரம் கணக்கருடையது. ஜலதோஷக்காரன் பக்கத்தில் உட்கார்ந்தால் கம்ப்யூட்டருக்கும் ஒட்டிக்கொள்ளும் என்று ஒருநாள் பயந்த முகத்தோடு சொல்லிவைத்தார். அதற்குப் பிறகு அவர் மூக்கை உறிஞ்சினாலே போதும். "கிளம்புய்யா, ஆபீஸையே படுக்க வச்சிடாதே" என்று மேனேஜர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு விரட்டுவார். ஃபைல் சேரச் சேர மெஷினின் எடை கூடும் என்று சொன்ன ஸ்டோர்கீப்பருக்குப் புது இரும்பு மேசை கிடைத்தது. புகார்க் கடிதம் என்றால் விசைகளை ஓங்கி அடிக்க வேண்டும், அப்போதுதான் படிக்கிறவனுக்கு உறைக்கும் என்பது மட்டும் யாரும் சொல்லாதது. அது மேனேஜரே கண்டுபிடித்தது. அவர் புகார் எழுதும் நாளில் அந்த அறையில் ஆணி அடிக்கிற சத்தம் கேட்கும்.

எல்லாவற்றையும் விடப் பெரிய பொய்யைச் சொன்னவள் டைப்பிஸ்ட். வாயில் விரலை வைத்தால்கூடக் கடிக்கத் தெரியாதவள் என்று பெயர் எடுத்தவள். கணவனுக்குக் கப்பல் வேலை. வருஷத்தில் முக்கால்வாசி தண்ணீர் மேல். பெண் குழந்தையைத் தலைமை ஆபீஸ் இருக்கும் ஊரில், பிள்ளையில்லாத நாத்தனாரிடம் விட்டுவிட்டு, இந்த ஊரில் ஒற்றை அறையில் இருந்தாள். குழந்தை சீக்கிரம் தூங்கிவிடும். அதற்குள் அறைக்குப் போய் போனில் முகத்தைப் பார்த்தால்தான் அவளுக்கு அன்றைய சோறு இறங்கும். மேனேஜருக்கோ ஐந்து மணிக்குத்தான் வேலையே ஞாபகம் வரும். "ஒரே ஒரு மெயில்ம்மா" என்று உட்காருவார். அது ஏழு மணிக்கும் முடியாது.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்தவள் ஒருநாள் சொன்னாள்.

"சார், அஞ்சு மணிக்கு அந்தப் பக்கம் கம்ப்யூட்டர ஆஃப் பண்ணிடுவாங்க. அதுக்கப்புறம் நாம அனுப்பற மெயில் உள்ள போக வழியில்லாம தொலைஞ்சு போயிடும்."

மேனேஜர் அரண்டுவிட்டார். "அப்ப இத்தனை நாளா நான் அனுப்பினதெல்லாம்?"

"பாதி போயிருக்காது சார்."

மறுநாளிலிருந்து ஐந்தடித்தால் மெஷினுக்கு உறை போட்டுவிடுவார். ஆபீஸே அவளைக் கும்பிடாத குறை.

அப்படி இருக்கும்போதுதான் தலைமை ஆபீஸில் டைப்பிஸ்ட் இடம் ஒன்று காலியானது. கேட்கிறவர்களின் விண்ணப்பத்தைக் கிளை மேனேஜர் தன் மெயிலிலிருந்து அன்று நள்ளிரவுக்குள் அனுப்ப வேண்டும். பெரிய இடத்து வழக்கப்படி, கடைசி நாளில்தான் தகவலே வந்தது. மேனேஜர் கிடங்குக்குப் போயிருந்தார். அவருடைய பாஸ்வேர்டு அவர் மனைவிக்கே தெரியாது. இவள் விண்ணப்பத்தை அடித்து வைத்துக்கொண்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த இடம் போனால் இன்னொன்று காலியாவதற்குள் குழந்தை பள்ளிக்கூடமே முடித்துவிடும்.

அவர் வந்தபோது ஐந்தரை. நின்றபடியே விண்ணப்பத்தைப் படித்தார். நல்ல மனுஷன்தான், அதுதான் கொடுமை.

"தாராளமா போம்மா. பெத்தவ பக்கத்துல இல்லாம புள்ள எப்படி வளரும்? நாளைக்குக் காலையில முதல் வேலையா அனுப்பிடறேன்."

"இன்னைக்கே போகணும் சார். ராத்திரியோட கெடு முடியுது."

"மணி என்ன பாரு. இப்ப அனுப்பித் தொலைச்சுட்டா?"

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு சொல்லியே விட்டாள். "அது பொய் சார். சீக்கிரம் வீட்டுக்குப் போகணும்னு நான்தான் சொன்னேன். எந்நேரம் அனுப்பினாலும் போகும்."

மேனேஜர் சிரித்தார். "பதட்டத்துல ஏதேதோ பேசறே. இரு, கேட்டுடுவோம்." தலைமை ஆபீஸுக்கு போன் போட்டார். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. "பாத்தியா? ஆளே இல்ல. ஆள் இல்லாத எடத்துல மெஷின் மட்டும் எப்படிம்மா முழிச்சிருக்கும்?"

பையை மாட்டிக்கொண்டு நின்ற கணக்கரைப் பார்த்து அவள் கெஞ்சினாள். "அண்ணே, நீங்களாவது சொல்லுங்கண்ணே."

கணக்கர் செருப்பைப் பார்த்தார். அவள் பொய் உடைந்தால் அடுத்து எது உடையும் என்பது அவருக்குக் கணக்குப் போடாமலே தெரியும். "எனக்கு அவ்வளவா தெரியாது சார். ஆனா ராத்திரியில அனுப்பறது ரிஸ்க்குதான்" என்றார்.

அவள் மேனேஜரின் காலில் விழாத குறையாகக் கேட்டாள். விழுந்திருந்தாலும் அனுப்பியிருக்க மாட்டார். அவள் விண்ணப்பம் வீணாகிவிடக் கூடாதே என்கிற அக்கறை அவருக்கு. உறையை இழுத்து மூடி, சுருக்கமில்லாமல் தடவிவிட்டு, விளக்கை அணைத்தார். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதைக் கண்ணெதிரே பார்த்தபடி அவள் நின்றாள்.

மறுநாள் காலை, எல்லோருக்கும் முன்னால் வந்து மேனேஜர் தன் கையாலேயே அனுப்பினார். சிபாரிசு வரியை மட்டும் ஓங்கி ஓங்கி அடித்தார். பத்து மணிக்குப் பதில் வந்தது: கெடு முடிந்துவிட்டது, வேறொருவரை எடுத்தாகிவிட்டது.

அவளைக் கூப்பிட்டுக் காட்டினார். முகத்தில் உண்மையான வருத்தம். "விடும்மா, மனசத் தேத்திக்கோ. ஒண்ணு பாத்தியா? நேத்து சாயங்காலம் அனுப்பியிருந்தா இந்தப் பதில்கூட வந்திருக்காது."

அவள் தலையாட்டினாள். வேறென்ன செய்வாள்?

மத்தியானம் கணக்கர் அவள் மேசைப் பக்கம் வந்து நின்றார். "நான் என்னம்மா பண்றது? ஒண்ணு போனா எல்லாம் போயிடும்ல" என்று குசுகுசுத்தார். பிறகு மேனேஜர் அறைக்குள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே போனவர், அடுத்த நிமிஷம் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்.

ஐந்து மணிக்கு மேனேஜரே வந்து, "கிளம்பும்மா, புள்ளைகிட்டப் பேசணும்ல" என்று அவளை அனுப்பிவைத்தார்.

அறைக்குப் போனதும், முகத்தைக் கழுவாமல்கூட போன் போட்டாள். குழந்தை திரையில் வந்தது. கண் சொக்கியிருந்தது. பின்னால் நாத்தனார் வாய் திறக்காமல் போர்வையை உதறிப் போட்டுக்கொண்டிருந்தாள். வீட்டில் வேறு யாரும் இல்லை.

"சாப்டியா கண்ணு?"

"ம்."

"என்ன சாப்ட?"

குழந்தை திரும்பிப் பார்த்தது. போர்வையைப் பார்த்ததும் அதற்குப் பொறுக்கவில்லை.

"போன வைக்கட்டா? அம்மா கூப்பிடறாங்க."

நாத்தனார் உதறுவதை நிறுத்தினாள். குழந்தையைத் திருத்தவில்லை. இந்தப் பக்கம் இவளும் திருத்தவில்லை.

"சரி கண்ணு, போய்ப் படுத்துக்கோ" என்றாள்.