இடது கையில் பத்து கிலோ

உடற்பயிற்சிக்கென்று தனியாக ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். பக்கத்தின் நடுவில் கோடு. ஒருபுறம் இடது கை, மறுபுறம் வலது கை. சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டிலிருந்து நான்கு தெரு தள்ளி, மருந்துக் கடை மாடியில் ஜிம். ஐந்தரைக்குப் போய்விட்டு ஏழு மணிக்குத் தறியில் உட்காருவேன்.

“ஒரே மாதிரி செஞ்சிக்கினு இருந்தா உடம்பு பழகிடும்ணா. வாரத்துக்கு ஒண்ணு மாத்துங்க” என்றார் பயிற்சியாளர்.

மாற்றினேன். டம்பெல்லை இழுக்கும்போது ஒரு வாரம் உள்ளங்கையைத் திருப்பிப் பிடித்தேன். அடுத்த வாரம் மேலே இரண்டு நொடி நிறுத்தினேன். வலது கை பத்து கிலோவிலிருந்து பதினைந்துக்கு ஏறியது. இடது கை தடுமாறியபோதெல்லாம் அதற்கு மட்டும் பிடியை மாற்றினேன், இல்லையென்றால் சாய்பலகையின் உயரத்தை. புதுப் பயிற்சிக்கு ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய எண் இருக்காது. நான்கு மாதமும் ‘முன்னேற்றம்’ என்றே எழுதியிருக்கிறேன்.

தறியில் வலது ஓரக் கரையை மனைவி பார்ப்பாள், மற்றதெல்லாம் நான். இடது ஓரத்தில் ஊடிழையைக் கொண்டு வரும் நாடாவை வாங்கி இழையை இழுத்து இறுக்குவது என் இடது கை. நெய்த துணி உருளையில் சுருண்டுகொள்வதால் முந்தின வாரத்து வேலை கண்ணில் படாது. சேலை முடிந்த அன்று பிரித்தோம்.

“இன்னாங்க, இடது ஓரம் தளர்ந்துக்கினே வருது? ஜிம்முல வலது கை மட்டும்தான் பயில்வான் ஆச்சா?” என்று சிரித்தாள்.

தொடக்கத்தைத் தொட்டுப் பார்த்தேன். இறுக்கம். நடுவில் குறைந்திருந்தது. கடைசி முழத்தை அவளும் தொட்டாள். பிறகு சிரிக்கவில்லை.

மறுநாள் நோட்டின் முதல் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, முதல் நாள் செய்ததையே மாற்றமில்லாமல் செய்தேன். இரண்டு கைக்கும் பத்து கிலோ, பன்னிரண்டு முறை. வலது கை பன்னிரண்டையும் தாண்டியது. இடது கையில் ஏழாவது முறை விரல்கள் திறந்துகொண்டன. நான் திறக்கவில்லை.

“பிடிய மாத்திப் பாக்கலாம்ணா.”

“வாணாம்பா. இதையேதான் செய்யணும்.”

அடுத்த நாள் ஆறு. அதற்கடுத்த நாளும் ஆறு. நான்காம் நாள் ஐந்து.

வீட்டில் புதுப் பாவு ஏற்றித் தறி தயாராக இருந்தது. மனைவி தன் இடத்தில் உட்கார்ந்திருந்தாள். நோட்டை அவளிடம் கொடுத்தேன். கடைசிப் பக்கங்களை மெதுவாகப் படித்தாள்.

“டாக்டர்கிட்ட இதையும் எடுத்துக்கினு போலாம்” என்றவள், என் இடது கைக்குள் தன் விரல்களை வைத்தாள். “எங்க, அழுத்துங்க பாக்கலாம்.”

அழுத்திக்கொண்டுதான் இருந்தேன்.