மாலையை விழுங்கிய விளக்கு

காலை ஏழு நாற்பது, இன்னும் இருள் விலகவில்லை. ரெக்ஸ்டேல் சிக்னலில் எனக்கு முன்னால் நின்றது, இரண்டு பேர் மட்டும் இருக்கக்கூடிய பழைய ஜப்பானியக் கார். அது திரும்பியபோது, முன்மூடியான போனற்றுக்குள் மறைந்திருந்த விளக்குகள் மெல்லிய முனகலோடு எழுந்தன.

தொண்ணூறுகளில் சித்தப்பாவிடம் அதே கார் இருந்தது. துணிக்கூரை, பிளாஸ்டிக் பின்ஜன்னல். தொண்ணூற்று நான்கில் அதே கார் பெரிய எஞ்சினோடு வந்தபோது பழையதைக் கொடுத்துப் புதியதை எடுத்தார். பக்கத்து நகரமான மிசிசாகாவுக்கு அவருக்குப் பெண் பார்க்கப் போகும் நாளில் அதைக் கோயிலுக்குக் கொண்டுபோனோம். நான்கு வருடத் தேடலில் பொருந்திவந்த முதல் சாதகம் அது.

ஐயர் விளக்குகளை எழுப்பச் சொல்லி, சந்தனம் பூசி, ஒவ்வொன்றிலும் மாலை கட்டினார். சித்தப்பா பழக்கத்தில் சுவிட்சைத் தட்டினார். இரண்டும் மாலையோடு உள்ளே போயின. மறுபடி தட்டியபோது ஒன்றுதான் திரும்பி எழுந்தது; மற்றது மாலையில் சிக்கி உள்ளேயே நின்றது.

"தம்பி, உந்தக் காரை விட்டிட்டு எங்கட வான் வண்டியில வாரும்," என்றார் அம்மா.

"இல்லை அண்ணி, நான் இதிலதான் வாறன்."

பெண்ணின் தகப்பன் வாசலிலேயே காரைச் சுற்றிப் பார்த்தார். "பிள்ளை பிறந்தா எங்க இருத்துவியள்?"

"அதுக்குள்ள வேற மொடல் வந்திடும், அங்கிள்."

உள்ளேயிருந்து பெண் கேட்டாள்: "ஒற்றைக் கண்ணாலயோ என்னைப் பாக்க வந்தவர்?" அவள் மட்டும் சிரித்தாள்.

மூன்றாம் நாள் தகப்பன் தொலைபேசியில் வேண்டாம் என்றார்.

தொண்ணூறுகளின் முடிவில் புது மொடல் வந்தது. விளக்குகள் நிலையானவை, பின்ஜன்னல் கண்ணாடி, இருக்கைகள் அப்போதும் இரண்டுதான். சித்தப்பா அதை வாங்கினார்.