எடை கூடிய பெட்டி

நான் சிறுவர் நாவல் எழுதுகிறவள். என் கதைகளில் வீடு மாறும், பள்ளிக்கூடம் மாறும், புதிதாகத் தம்பி பிறப்பான். பிள்ளைகள் முதலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும்; கடைசி அத்தியாயத்துக்குள் எல்லாம் சரியாகி அப்பா மடியில் உட்கார்ந்து பாயசம் குடிக்கும். விற்காமல் திரும்பி வந்த பிரதிகள் அறந்தாங்கியில் எங்கள் படுக்கையறைச் சுவரோரம் ஜன்னல் உயரத்துக்கு அடுக்கிக் கிடந்தன. மாற்றத்துக்குப் பழகுவது எப்படி என்று கேட்டால் மணிக்கணக்கில் பேசுவேன்.

என் வீட்டுக்கே மாற்றம் வந்தபோதுதான் சங்கதி தெரிந்தது. துபாயில் ஒரு கடையில் ஸ்டோர்கீப்பராக இருந்த என் கணவர் போன வருஷம் ஒரேயடியாக ஊர் திரும்பினார். எங்கள் ஒரே மகளுக்கு அப்போது ஒன்பது வயது. அவளுக்கு அப்பா என்றால் வெள்ளிக்கிழமை வீடியோ காலில் வருகிறவர். எப்போதாவது லீவில் சாக்லேட்டோடு வந்து, சாக்லேட் தீர்வதற்குள் போய்விடுகிறவர்.

வந்த முதல் வாரமே மனுஷர் என் அடுக்களையில் கை வைத்தார். "பழசு முன்னால, புதுசு பின்னால. ஸ்டோர்னா அதான் முறை" என்று டப்பாக்களை இடம் மாற்றி, ஒவ்வொன்றுக்கும் ஸ்டிக்கர் ஒட்டினார். நான் பெருங்காயத்தைத் தேடி முடிப்பதற்குள் தாளித்த கடுகு கருகிப் போனது.

"இது கடை இல்லைங்க, வீடு" என்றேன்.

"அதான் இம்புட்டுச் சாமான் வீணாப் போகுது" என்றார்.

என் கதைகளில் வரும் அம்மாக்கள் இந்த இடத்தில் புன்னகை செய்வார்கள். நான் கரண்டியைப் போட்ட சத்தம் பக்கத்து வீடு வரைக்கும் கேட்டிருக்கும்.

அவரை வாட்டியது வேறொன்று. எங்கள் பக்கத்தில் வெளிநாட்டிலிருந்து வந்தவரைப் பார்த்தால், சௌக்கியமா என்பதற்கு முன்னால், "எப்ப வந்தீங்க, எப்பத் திரும்ப?" என்றுதான் கேட்பார்கள். பஸ் ஸ்டாண்டில் கேட்டார்கள். ஆவுடையார்கோவிலில் ஒரு கல்யாணப் பந்தியில் இலை போடும்போதே கேட்டார்கள். மணமேல்குடியிலிருந்து மீன் கொண்டுவருகிற அம்மா நண்டை நிறுத்துக்கொண்டே கேட்டார். இனிப் போகவில்லை என்றால் யாரும் நம்பவில்லை. அதையெல்லாம் அவர் சிரித்துக் கடந்தார். ஆனால் மகளும் அதையே கேட்டாள்.

சைக்கிளுக்குக் காற்றடித்துக் கொடுத்தால், "தேங்க்ஸ்ப்பா. எப்பப் போறீங்க?" தட்டில் தோசை வைத்தாலும் அதே கேள்வி. விருந்தாளியிடம் கேட்கிற மரியாதையோடு கேட்பாள். "நான் போகலை தாயி" என்பார். "சரிப்பா" என்று தலையாட்டிவிட்டு மறுநாளும் கேட்பாள்.

ஒருநாள் அவர் என்னிடம், "பிள்ளைக்கு நான் இருக்குறது எடஞ்சலா இருக்கு போல. பேசாம இன்னொரு விசா பாக்கட்டுமா?" என்றார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

அப்போது நான் எழுதிக்கொண்டிருந்ததும் வெளிநாட்டு அப்பா வீடு திரும்புகிற கதைதான். நைசாக அதன் கடைசி அத்தியாயத்தை மகளிடம் வாசிக்கக் கொடுத்தேன். வாசித்துவிட்டு, "நல்லாருக்கும்மா. ஆனா அந்தப் பிள்ளை சொன்ன ஒடனே நம்பிருதே, அது கொஞ்சம் லூசா?" என்றாள். மேற்கொண்டு என்ன எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

அடுத்த சனிக்கிழமை என் புத்தக அடுக்கில் கரையான் ஏறியிருப்பதை அவர் கண்டுபிடித்தார். பரணிலிருந்து தன் பெரிய பெட்டியை இறக்கித் துடைத்து, தரையில் திறந்து வைத்துவிட்டு, உள்ளே போடக் காய்ந்த வேப்பிலை எடுக்கக் கொல்லைக்குப் போனார். அந்த நேரம் பார்த்து மகள் டியூஷனிலிருந்து வந்தாள்.

அந்தப் பெட்டி இறங்கினால் என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும். திருச்சி ஏர்போர்ட்டுக்குக் கார் எப்போதும் ராத்திரிதான் வரும். பிள்ளை அழும் என்று அவள் தூங்கின பிறகே அவரை அனுப்புவோம். எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். காலையில் அவள் எழும்போது அவருடைய லுங்கி மட்டும் கொடியில் காயும்.

வேப்பிலையோடு உள்ளே வந்தவரிடம் சொன்னாள்: "அப்பா, இந்தத் தடவை கெளம்பையில என்னைய எழுப்புங்க. நான் அழுக மாட்டேன்."

அவர் அழுதுவிட்டார். நானும்தான். அவள் மட்டும் சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள்.

பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டே என் நாவல்களைக் கட்டுக்கட்டாக எடுத்துப் பெட்டியில் அடுக்கினார். அப்போதும் புதுசை அடியிலும் பழசை மேலேயும்தான் வைத்தார். இழுத்து மூடி, "தூக்கிப் பாரு" என்றார். இரண்டு கையாலும் இழுத்தாள். பெட்டி அசையவில்லை.

"முப்பது கிலோவுக்கு மேல பிளேன்ல ஏத்த மாட்டான். இதத் தூக்கிக்கிட்டு அப்பா எங்கிட்டுப் போறது?"

எடை விவகாரம் அவளுக்கு அத்துப்படி. ஒவ்வொரு தடவையும் ஊறுகாய் பாட்டிலை வெளியே எடுத்ததைப் பார்த்தவள்.

"வேற பெட்டி இருக்கா?"

"இது ஒண்ணுதான்."

"அம்மா புக்கெல்லாம் வித்துப் போச்சுன்னா?"

அவர் என்னைப் பார்த்தார். "அதெல்லாம் விக்காது" என்றார்.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. மகள் பெட்டி மேல் ஏறி உட்கார்ந்து, "அப்பச் சரி" என்றாள். அதற்குப் பிறகு அந்தக் கேள்வியை அவள் கேட்கவே இல்லை.

சில மாதம் கழித்துப் பதிப்பகத்திலிருந்து போன் வந்தது. ஏதோ ஒரு பள்ளிக்கூடத்தில் என் பழைய நாவல்களைக் கேட்கிறார்களாம், உங்களிடம் இருக்கிற எல்லாவற்றையும் அனுப்ப முடியுமா என்றார்கள். என் எழுத்து வாழ்க்கையில் இப்படி ஒரு போன் வந்ததே கிடையாது.

திரும்பிப் பார்த்தேன். பெட்டி மேல் உட்கார்ந்து மகள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். அவர் தப்பைத் திருத்திக்கொண்டிருந்தார்.

"ஒண்ணுகூட இல்லைங்களே" என்றேன்.