இரண்டு முனியாண்டிகள்

சயாமிலிருந்து திரும்பிய அன்று நான் முதலில் பார்த்தது என் மனைவியின் வெறுங்கழுத்தை. லூனாஸ் ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீடான எங்கள் லயத்து வாசலில் மரவள்ளிக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். பொட்டில்லை, வளையலில்லை. என்னைக் கண்டதும் கத்தியைப் போட்டுவிட்டு அலறினாள். பேய் என்று நினைத்துவிட்டாள், பாவி மகள்.

ரயில் பாதை போட ஜப்பான்காரன் எங்களை அள்ளிக்கொண்டு போய் இரண்டு வருடம். அவன் தோற்றபிறகுதான் விடிவு வந்தது. அந்தக் காட்டில் கிடந்தபோதெல்லாம் இந்த லயத்தைத்தான் நினைத்துக்கொள்வேன். குழாயடியில் பெண்கள் சண்டை போடுவார்கள், யாராவது அடுப்புக்கு நெருப்பு கேட்டு வருவார்கள். எல்லாம் அப்படியேதான் இருந்தன. அதுதான் வயிற்றெரிச்சல். எனக்குக் கருமாதி முடித்துவிட்டு, ஊர் ஒரு குறையும் இல்லாமல் குழாயடியில் சண்டை போட்டுக்கொண்டிருந்தது!

எங்கள் தோட்டத்தில் முனியாண்டி இரண்டு பேர். ஒருவன் நான், இன்னொருவன் பக்கத்து வீட்டுக்காரன். அவன்தான் சயாமில் வாந்திபேதியில் போனான். என் கையாலேதான் மண் தள்ளினேன். அங்கிருந்து தப்பி வந்த எவனோ "முனியாண்டி செத்துட்டான்" என்று சொல்லியிருக்கிறான். எந்த முனியாண்டி என்று, தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியார் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வரும் வழியில் என் வீடு முதலில் இருந்தது. சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அவன் பெண்டாட்டி தலை நிறையப் பூவோடு ஓடி வந்தாள். "அண்ணே, அவரு பின்னால வர்றாரா?" அவளை வாசலிலேயே விட்டுவிட்டு, நேரே கிராணியார் வீட்டுக்குப் போனேன்.

"நீங்க சொன்ன சாவு. நீங்களே வந்து மாத்திச் சொல்லுங்கய்யா."

"ஒரே பேரா இருந்தா நான் என்னாடா பண்றது? அதான் உயிரோட வந்துட்டியே, போ லா!"

நாற்காலியை விட்டு எழுந்திருக்கக்கூட இல்லை அந்த மனிதர். இன்றைக்குக் கூலிம் பட்டணத்தில் மகன் வீட்டில் உட்கார்ந்து நினைத்தாலும் கை துறுதுறுக்கிறது. அன்றே ஓர் அறை விட்டிருக்க வேண்டும்.

திரும்பி வந்தபோது என் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றாள். "நீங்க சொல்லாதீங்க, நான் சொல்றேன். அது எப்படி இருக்கும்னு எனக்குத்தான் தெரியும்" என்று பக்கத்து வீட்டுக்குள் போனாள். கொஞ்ச நேரத்தில் சுவருக்கு அந்தப்புறம் ஓலம் எழுந்தது.

மறுநாள் காலை, வேலைக்கு ஆள் கூப்பிடும் பெரட்டுக்களத்தில் வரிசையில் நின்றோம். கிராணியார் பேர் வாசித்தார். "முனியாண்டி!" நான் வாயைத் திறக்கவில்லை.

"என்னாடா, காது கேக்கலையா?"

"எந்த முனியாண்டின்னு கேட்டுட்டுக் கூப்பிடுய்யா" என்றேன்.