விறைப்பு எண்டால் எந்த விறைப்பு?

மற்ற ஆக்களின்ர காலைக் குண்டூசியால குத்தி, "நோகுதோ?" எண்டு கேக்கிறதுக்குச் சம்பளம் வாங்கிற தொழில் என்ர. வெள்ளவத்தையில, ரெண்டாம் மாடியில ஒரு நரம்புக் கிளினிக். டொக்டர் பார்க்க முதல் பஞ்சு, ஊசி, தட்டினால் அதிருற இசைக்கவை எல்லாத்தாலயும் சோதிச்சு எழுதிவைக்கிறது நான். பகலில ஃபார்மசியில நிண்டு, பின்னேர வகுப்பில முள்ளந்தண்டு படிச்சவன். கிளினிக், ஆஸ்பத்திரி எண்டு நிண்டு உழைக்கிற உங்களுக்கு நான் கூடச் சொல்லத் தேவையில்லை.

கூரா, மொட்டையா?

கண்ணை மூடச் சொல்லி, ஊசியின்ர கூர்ப் பக்கத்தாலயும் தலைப் பக்கத்தாலயும் மாறிமாறித் தொடுவம். எது எண்டு ஆள் சொல்லவேணும். ஒரு நாள் வந்தது ஓய்வுபெற்ற கணக்கு ரீச்சர். ஒவ்வொரு தடவையும் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துப் போட்டுத்தான் விடை சொன்னா. "ரீச்சர், இது சோதினை இல்லை, பார்க்கக் கூடாது" எண்டன். ரீச்சர் என்னை மேலயும் கீழயும் பார்த்தா.

"சோதினை இல்லையெண்டால் ஏன் காணும் புள்ளி போடுறீர்? முதல்ல நீர் பாஸ் பண்ணினனீரோ?"

செத்த கால்

கொட்டாஞ்சேனையில த்ரீவீல் ஓடுறவர் சேவியர் அண்ணை. நடுமுதுகில, முள்ளந்தண்டுக்குள்ள இருந்த ஒரு சின்னக் கட்டியை ஒப்பரேஷன் செய்து எடுத்தது. எங்கட டொக்டர் கடிதம் தந்தால்தான் திரும்ப ஓடலாம். ஸ்கூல் பிள்ளையள் ஏழு பேர் வேற த்ரீவீலில போகாமல் அவருக்காகப் பார்த்துக்கொண்டு இருக்கினமாம். அந்தக் கடிதத்துக்காகத்தான் மனுசன் பொல்லை ஊன்றி ரெண்டு மாடி ஏறி வந்தது.

"வலது கால் முழுக்க விறைப்பு தம்பி" எண்டு கூட வந்த அவரின்ர மனுசி ரீட்டா அக்கா சொன்னா. சுடுதண்ணிக்குள்ள காலை வைச்சு, கொப்புளம் வந்த பிறகுதான் தெரிஞ்சதாம். ஊசியால குத்திப் பார்த்தன். வலது காலில ஒண்டும் தெரியேல்லை. இடது காலில "ஆ" எண்டார். வெளியில பதினொரு பேர் காத்துக்கொண்டு இருந்தவை. அவசரத்தில, "வலது கால் விறைப்பு, உணர்ச்சி இல்லை" எண்டு எழுதிக் குடுத்திட்டன். டொக்டர் அதைப் பார்த்தா. த்ரீவீலில பிரேக் வலது காலில. ஓட வேண்டாம் எண்டிட்டா. சேவியர் அண்ணை வலது முழங்காலில ஒரு தட்டுத் தட்டினார்.

"முப்பது வருஷம் பிரேக் பிடிச்ச கால், இப்ப என்னையே பிடிச்சு நிறுத்திப் போட்டுது."

படி

அவர் இறங்கிறதைப் படி வாசலில நிண்டு பார்த்தன். ஒவ்வொரு படிக்கும் குனிஞ்சு காலைப் பார்க்கிறார். ஆனா பார்க்கிறது இடது காலை. நல்ல கால் எண்டு நான் நினைச்ச அந்தக் கால் படியைத் தேடித் தடவுது. உணர்ச்சி இல்லாத செத்த கால் எண்டு நான் எழுதின வலது கால், ஆரும் பார்க்காமலே போய்ச் சரியா நிக்குது.

ஊசி தெரியாத கால் வேற, தான் எங்க நிக்குது எண்டு தெரியாத கால் வேற. விறைப்பு எண்டு எங்கட ஆக்கள் சொல்லுறதுக்குள்ள மரத்தது, கூசிறது, இறுகினது, சோர்ந்தது எல்லாம் கிடக்கும். எது எண்டு கேட்டு எழுதத்தான் எனக்குச் சம்பளம். நான் கேக்கேல்லை. "அண்ணை, ஒருக்கா மேல வாங்கோ!" எண்டு கத்தினன். அவர் கடைசிப் படியில நிண்டு அண்ணாந்து பார்த்தார்.

"இறங்கிறதுக்கே உயிர் போச்சு. இனி ஏறச் சொல்றீங்களா? தம்பி, உங்களுக்கு என்னில என்ன கோபம்?"

காலி வீதியில ரெண்டு பேர்

அவரை மேல கூட்டி வந்து, கண்ணை மூடச் சொல்லி, கால் பெருவிரலைப் பிடிச்சு அசைச்சு, மேலயோ கீழயோ எண்டு கேட்டன். வலதில பத்துக்குப் பத்துச் சரி. இடதில எல்லாம் குருட்டுச் சீட்டு. இசைக்கவையைத் தட்டி எலும்பில வைச்சன். வலதில, "ஃபோன் வைப்ரேட் பண்ற மாதிரி" எண்டார். இடதில, "சும்மா குளிர் இரும்பு" எண்டார். அந்தக் குளிர் வலதுக்குத் தெரியேல்லை.

ஒரு கட்டிக்கு ரெண்டு காலும் ரெண்டு விதமாப் போகுமோ எண்டு ரீட்டா அக்கா கேட்டா. சொன்னன்: "காலில இருந்து மூளைக்குச் செய்தி கொண்டுபோறது ரெண்டு பேர். வெள்ளவத்தையில, காலி வீதியில, பஸ்ஸால இறங்கினவை எண்டு வையுங்கோ. சூடும் நோவும் கொண்டுபோறவர் இறங்கின இடத்திலயே, ஆக்கள் ரோட்டைக் கடக்கிற மஞ்சள் கோட்டால மற்றப் பக்கம் கடந்திடுவார். கால் எங்க இருக்கு எண்டு சொல்லுறவர் வந்த பக்கத்தாலயே மேல நடந்து, பிடரிக்குள்ள, மூளைத்தண்டு தொடங்கிற இடத்திலதான் கடப்பார். அண்ணைக்குக் கட்டி இருந்தது இடது பக்கம். அந்தப் பக்கத்தால ஆர் நடந்தினம்? வலது காலின்ர சூட்டுக்காரரும், இடது காலின்ர மற்றவரும். ரெண்டு பேரையும் மறிச்சுப் போட்டுது."

ரீட்டா அக்கா அண்ணையின்ர முதுகைத் தடவினா.

"அப்ப அது கட்டி இல்ல தம்பி, ரோட்டைத் தோண்டிப் போட்டு மூடாமல் போற கொன்ட்ராக்ட்காரன்."

பிழை எண்டு சொன்னது

டொக்டரிட்டப் போய், "நான் எழுதினது பிழை" எண்டன். இந்தத் தொழிலில அந்த வசனம் வாயால வர எவ்வளவு கஷ்டம் எண்டு உங்களுக்குத் தெரியும். டொக்டர் எழும்பி வந்து, தானே எல்லாம் முதல்ல இருந்து சோதிச்சா. பிரேக் பிடிக்கிற காலுக்குப் பலம் இருக்கு, தான் எங்க நிக்குது எண்டும் தெரியுது, சூடுதான் தெரியாது. கிளட்ச் கையில, இடது காலுக்கு வேலை இல்லை. ஆனா உடன விடேல்லை. ஆறு கிழமை பயிற்சி, பிறகு வெறும் மைதானத்தில பக்கத்தில ஆள் இருக்க ஓட்டிக் காட்டவேணும். வலது காலுக்குச் சப்பாத்து, தினமும் காயம் பார்க்கவேணும்.

ஆறு கிழமையும் சேவியர் அண்ணை ஒரு நாள் தவறேல்லை. மைதானத்திலயும் ஓட்டிக் காட்டினார். கடிதத்தில கையெழுத்து வைச்சுப்போட்டு டொக்டர் தன்ர சிங்களத் தமிழில என்னட்டச் சொன்னா:

"இனி என்ட பேப்பரில அந்த விறைப்பு எழுத வேணாம். சூடா, குத்தா, இடமா, அத எழுதுங்க."

பின் சீட்

போன மாதம் வேலை முடிஞ்சு இறங்க, வாசலில த்ரீவீல். சேவியர் அண்ணை வலது காலில மினுங்கிற கறுப்புச் சப்பாத்து, இடதில செருப்பு. "ஏறுங்க" எண்டார். காலி வீதியில, மஞ்சள் கோட்டில ஒரு அம்மா கால் வைக்க, வண்டி குலுங்காமல் நிண்டுது. நான் முன்னால குனிஞ்சு பிரேக்கையே பார்த்துக்கொண்டிருந்தது கண்ணாடியில தெரிஞ்சிருக்கு.

"தம்பி, ஓடக்குள்ள நானே என்ட காலைப் பார்க்கிறதில்ல. நீங்க ஏன் பார்க்கிறீங்க?"

டொக்டர் சொன்ன நாளில இருந்து என்ர பேப்பரில விறைப்பு எண்ட சொல்லே இல்லை. ஆனா நாள் முழுக்க நிண்டுபோட்டு வீட்டை போக, காலுக்கு என்ன எண்டு மனுசி கேட்டால், படிச்ச எனக்கும் வேற சொல் வாறதில்லை.