ஓரிரு இடங்களில் மழை: மண்ணரைக்குப் போன ஒரு நாள்

சித்திரை, வைகாசியில் திருப்பூர்ப் பக்கம் போகலாமா, வெயில் எப்படி இருக்கும், மழை வருமா என்று போன வாரம் ஒருவர் கேட்டு எழுதியிருந்தார். போகலாம், யார் தடுக்கப் போகிறார்கள்? ஆனால் அந்த ஊர்க் கோடையைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரே ஒரு நாளில் தெரிந்துகொண்டது. அதைத்தான் சொல்ல முடியும்.

அறுபதுகளின் கடைசி, சித்திரை மாதம். எனக்கு இருபத்திரண்டு வயது. ஊர் தாராபுரம். என் அக்கா சரசுவைத் திருப்பூரை ஒட்டிய மண்ணரையில் கட்டிக்கொடுத்திருந்தோம். மச்சான் வேலுச்சாமி அங்கே ஒரு சலவைப் பட்டறையில் மேஸ்திரி. அக்கா தலைப்பிரசவத்துக்கு வர வேண்டும். ஏழாம் மாதம் முடிய இரண்டே நாள் பாக்கி. எட்டாம் மாதத்தில் அழைத்து வரக் கூடாது என்று அம்மா ஒற்றைக்காலில் நின்றாள். போய் அக்காவையும் மச்சானையும் கையோடு கூட்டி வா என்று என்னை அனுப்பினார்கள்.

கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம் பூங்கா ரேடியோவில் செய்தி கேட்டேன். கடைசியில் வானிலை சொன்னார்கள். உள் மாவட்டங்களில் ஓரிரு இடங்களில் இடியுடன் கூடிய மழை பெய்யலாம், மற்ற இடங்களில் வறண்ட வானிலை. தினமும் சொல்வதுதான். பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேட்டியை உதறிக்கொண்டு போனார், நானும் போனேன்.

காலை நாலே முக்காலுக்கு முதல் பஸ். முப்பது மைல், டிக்கெட் ஒரு ரூபாய் நாற்பது பைசா. வழக்கமாக இரண்டு மணி நேரத்தில் கொண்டுபோய் விடுவார்கள். அன்று அவிநாசிபாளையத்தை நெருங்கும்போது வண்டி நின்றுவிட்டது. முன்னிரவில் அந்தப் பக்கம் கோடை மழை ஒன்று பெய்திருக்கிறது போல, மண் வாசம் வந்தது. ஜன்னலுக்கு வெளியே ஒன்றுமே இல்லை. சித்திரையில் பனி! கண்டக்டர் இறங்கி டார்ச் லைட்டை ஆட்டிக்கொண்டு முன்னால் நடந்தார், பஸ் அவர் பின்னால் ஊர்ந்தது.

"மார்கழி தப்பி வந்துருச்சுங்களா?" என்று கேட்டேன்.

"சிரிக்காதீங்க. இந்த மாசத்துல பனி போட்டா அன்னைக்குப் பொழுது நல்லபடியா முடியாதுங்க" என்றார் டிரைவர், திரும்பிப் பார்க்காமலே. காலங்காத்தாலே இப்படியா பேசுவது என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

ஏழரைக்குத் திருப்பூர். பஸ் ஸ்டாண்டிலிருந்து மண்ணரை ஒன்றரை மைல்தான். குதிரை வண்டிக்காரர் எட்டணா கேட்டார், கொடுத்து ஏறிக்கொண்டேன். அக்கா வாசலிலேயே நின்றிருந்தாள். உள்ளே டிரங்குப் பெட்டியில் துணி அடுக்கியாகிவிட்டது. "சாயங்காலம் ஆறரை பஸ்ஸுக்கே போயர்லாம் கண்ணு. உங்க மச்சானுக்குப் பட்டறையில லாட் முடிஞ்சாப் போதும்" என்றாள். முகத்தில் அப்படி ஒரு களை.

அந்த லாட் என்ன என்று சொல்லிவிடுகிறேன். கம்பெனி ஒரு தடவைக்கு அனுப்பும் பனியன் துணி மொத்தமும் ஒரு லாட். அதை வெளுத்து, பட்டறையை ஒட்டிய காட்டில் காயப்போடுவார்கள். காடு என்றால் அந்தப் பக்கம் மேட்டு நிலம், மரக்காடு இல்லை. இரும்புக் கம்பம் நட்டு, வரிசை வரிசையாகக் கம்பி கட்டி, அதில் துணி தொங்கும். காலையில் ஒரு விரிப்பு, மத்தியானம் ஒரு விரிப்பு. காயும்போது மழை பட்டுச் சேறு தெறித்தால் மறுபடி வெளுக்க வேண்டும், அதற்குக் கூலி கிடையாது. அதனால் இடி கேட்டால் எல்லா ஊரிலும் ஜனங்கள் வீட்டுக்கு ஓடுவார்கள், இவர்கள் காட்டுக்கு ஓடுவார்கள்.

பத்து மணிக்கெல்லாம் பனி போன இடம் தெரியவில்லை. அப்பா, அது என்ன வெயில்! அத்தனை வெள்ளைத் துணியும் சேர்ந்து கண்ணைக் குத்தியது. பிளீச்சிங் பவுடர் நெடி வேறு தொண்டையைப் பிடித்தது. செருப்பில்லாமல் ஓர் அடி வைத்துவிட்டுக் குதித்தேன். அங்கே வேலை செய்த ஆண்களும் பெண்களும் வெறுங்காலோடுதான் நடந்தார்கள். காற்று துளிகூட இல்லை.

பதினொன்றரைக்குக் காலை விரிப்பை எடுத்துவிட்டார்கள். மீதி லாட் ஈரமாகக் குவிந்திருந்தது. அது காய்ந்து, திருப்பூர் ராயபுரத்தில் இருந்த பனியன் கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்தால்தான் மச்சானுக்கு லீவு. மச்சான் மேற்கே பார்த்தபடி நின்றார்.

"ஏனுங் மாப்ள, வர்ற வழியில பனி எப்படிங்க?"

"அவிநாசிபாளையத்துல முன்னாடி ரோடே தெரியலீங்க மச்சான்."

"அப்ப ரெண்டாம் விரிப்பு வேண்டாமுங்க. பனி போட்ட அன்னைக்கு நாங்க ஒரு விரிப்போட நிறுத்திக்கறது. நாளைக்குக் காயப்போட்டுட்டு, நாளான்னிக்குப் போலாமுங்க."

எனக்கு அது பிடிக்கவில்லை. நாளான்னிக்கு என்றால் ஏழாம் மாதத்தின் கடைசி நாள். அம்மா என்னை உரித்துவிடுவாள். நான் வேலை பார்த்த அரிசி மில்லில் ஒரு நாள்தான் லீவு. என் முகத்தைப் பார்த்துத்தானோ என்னவோ, "ரேடியோவுல ஏதாச்சும் சொன்னாங்களா?" என்று கேட்டார்.

"ஓரிரு இடங்கள்ல மழையாமுங்க. இத்தாம்பெரிய ஜில்லாவுல அந்த ஒண்ணு ரெண்டு எடம் நம்ம மண்ணரைதானுங்களா?"

நாலைந்து பேர் சிரித்தார்கள். மச்சானும் சிரித்துவிட்டார். "அதுவுஞ் சரிதானுங்க" என்று தலையில் துண்டைக் கட்டினார். "விரிங்கப்பா!"

மூன்றே முக்காலுக்கு மேற்கே கறுத்தது. துணி முக்கால்வாசி காய்ந்திருந்தது. இன்னும் அரை மணி நேரம் தாங்கினால் போதும் என்று நான் மனதுக்குள் வேண்டிக்கொண்டே இருந்தேன். நாலு பத்துக்கு முதல் இடி.

"சுருட்டு! சுருட்டு!" என்று மச்சான் கத்த, பட்டறையே காட்டுக்குள் பாய்ந்தது. நானும் ஓடினேன். கம்பியிலிருந்து இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கொட்டகைக்கு ஓட வேண்டும், திரும்பி வர வேண்டும். காற்று மண்ணை வாரி அடித்தது. மூன்றாவது நடை போகையில் மச்சான் கடைசி வரிசையில் இருந்தார். துணி கம்பியில் சிக்கிக்கொண்டது. இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து எடுத்துக்கொண்டிருந்தார்.

வெளிச்சம்தான் தெரிந்தது. சத்தம் எனக்குக் கேட்ட மாதிரியே இல்லை. கண் திறந்தபோது நான் தரையில் கிடந்தேன், மழை கொட்டியது. மச்சான் மல்லாந்து கிடந்தார், தோளில் துணி அப்படியே இருந்தது. அந்தத் துணியிலேயே அவரைத் தூக்கி வண்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டாக்டர் நாடியைப் பிடித்துப் பார்த்தார், கையை எடுத்துவிட்டார். அவ்வளவுதான்.

வீட்டுக்குச் சொல்ல நான்தான் போனேன். மழை விட்டு வானம் பளிச்சென்று இருந்தது. அக்கா புதுச் சேலை கட்டி, தலை நிறையப் பூ வைத்து, பெட்டியை வாசலில் எடுத்து வைத்திருந்தாள். "எங்க கண்ணு உங்க மச்சான்? பஸ்ஸுக்கு நேரமாச்சு பாரு" என்றாள். என் மேலெல்லாம் சேறு. என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தவள் மெல்லப் பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டாள்.

காரியம் முடிந்து அக்காவை அழைத்துவந்தபோது எட்டாம் மாதம் பிறந்திருந்தது. அம்மா பெட்டியை வாங்கி உள்ளே வைத்தாள். பெண் குழந்தை, நன்றாக இருக்கிறாள்.

போகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியது: கோடையில் அதிகாலைப் பனியைக் கண்டால் சாயங்கால வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள். பதினொன்றிலிருந்து மூன்று வரை வெளியே தலைகாட்ட வேண்டாம். இடி கேட்டால் கம்பி, கம்பம், கொடித்துணி எதன் பக்கமும் போகாதீர்கள். நனைந்த துணியை நாளைக்குக் காயவைத்துக்கொள்ளலாம். ஓரிரு இடங்களில் என்று சொன்னால், நீங்கள் நிற்கும் இடத்தைத்தான் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அன்று சிரித்தவர்கள் ஒருவரும் அக்காவிடம் எதுவும் சொல்லவில்லை. பல வருஷம் கழித்து அவளே ஒரு நாள் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள். "பனி போட்ட நாள்ல அவரு ரெண்டாம் விரிப்பு விரிக்கவே மாட்டாருடா தம்பி. அன்னைக்கு ஏன் விரிச்சாரு? ரேடியோவுல மழையின்னு ஒண்ணுமே சொல்லலியா?"

"ஒண்ணுமே சொல்லலக்கா" என்றேன். தலையாட்டிவிட்டு அடுத்த வெங்காயத்தை எடுத்தாள்.

போன கார்த்திகையில் அக்காவும் போய்விட்டாள். இனி யாரிடம் மறைக்க? ரேடியோவில் சொன்னார்கள், அக்கா. நான்தான் சிரிக்க வைத்தேன்.